இரண்டாம் முறையாகக் கன்னியாவுக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், ஐயாவோடு பழகிய நண்பர்களுக்கும், அவருடைய மகளான என் வணக்கம். நீங்கள் இதை வாசிக்கும்போது கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளை என் தம்பி செய்து முடித்து வீட்டுக்கு வந்திருப்பான். ஐயாவுக்குக் கன்னியாவில் அந்தியேட்டி நடப்பது இது இரண்டாம் முறை. முதல் முறை நடந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

உங்களில் வயதானவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் எங்கள் முன்னால் கதைத்ததில்லை. பின்னால் கதைத்தது எங்கள் காதுக்கு வந்திருக்கிறது. ஊரில் இரண்டு கதை இருந்தது. ஒன்று, ஐயா யுத்தத்தில் காவலை விட்டு ஓடிப்போன சிப்பாய் என்பது. மற்றது, அவர் செத்துப் பிழைத்தவர், நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கக் கூடாதவர் என்பது. இரண்டும் பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஐயா கிளிவெட்டியில் ஒரு வயற்காரக் குடும்பத்தில் ஒரே ஆண்பிள்ளையாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு தன் தகப்பனோடு, எங்கள் அப்பப்பாவோடு, வயல். அதே ஊரில் அம்மாவைக் கலியாணம் முடித்தபோது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு போகம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. அந்த நேரத்தில்தான் துறைமுகக் காவலுக்கு வெள்ளைக்காரர் ஊர் இளைஞர்களைப் படையில் சேர்த்தார்கள். கலியாணமாகி ஆறு மாதத்தில் ஐயா காக்கி உடுத்தினார். அந்த உடுப்போடு எடுத்த படம் எங்களிடம் இல்லை. இந்த மலரின் அட்டையில் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த படம். அதில் அவர் கோபமாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் கழுத்துத் தோல் எரிந்து இறுகியிருந்ததால் அவருக்குத் தலையை நேரே நிமிர்த்த ஏலாது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட காலையில் ஐயாவுக்குச் சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்கு, அந்தப் பெரிய எண்ணெய்த் தொட்டிகளுக்கு, பக்கத்தில் காவல். அங்கே முள்ளுக்கம்பி அடித்த ஒரு வளவுக்குள் கூலியாட்கள் முப்பது பேரளவில் வேலை செய்தார்கள். விமானம் வருகிறது என்று சங்கு ஊதும்போதெல்லாம் அவர்கள் ஓடிவிடுகிறார்கள் என்று வேலை முடியும்வரை வாசற் படலையை வெளியால் பூட்டிவைப்பது வழக்கமாம். பூட்டின் திறப்பு, ஐயாவோடு காவலுக்கு நின்ற கோப்ரலின் கையில். முதல் குண்டு விழுந்ததும் கோப்ரல் ஓடிவிட்டார். திறப்பும் அவரோடு போய்விட்டது.

இதை நான் ஐயாவின் வாயால் கேட்டதில்லை. அன்று அந்த வளவுக்குள் பூட்டப்பட்டிருந்த குறிஞ்சாக்கேணிக் கரீம் காக்கா சொல்லித்தான் தெரியும். காக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஐயா எழும்பி வெளியே போன பிறகு, எனக்கும் தம்பிக்கும் சொல்லுவார்.

“எல்லாரும் கம்பியப் புடிச்சிக்கிட்டுக் கத்துறம் மகள். ஒங்கட வாப்பா துவக்கால பூட்ட அடிக்காரு. துவக்குக் கட்ட ரெண்டாப் போச்சி. பொறகு இரும்பால அடிச்சாரு. பூட்டு வுட்டுப்போச்சி. நாங்க ஓடிட்டம். அவரு ஓடல்ல.”

குதம் ஒன்று பற்றி எரிந்தது. எண்ணெய் நெருப்போடு நிலத்தில் ஓடியது. வளவின் மூலையில் கால் முறிந்த ஒருவர் கிடந்தார். அவரைத் தூக்க ஐயா உள்ளே போனார். தூக்கிக்கொண்டு படலைக்கு வரும்போது முதுகிலும் கழுத்திலும் நெருப்புப் பிடித்தது. கால் முறிந்தவரை வெளியே எறிந்துவிட்டு ஐயா விழுந்தார். காக்காதான் திரும்பி வந்து சாக்கு நனைத்துப் போர்த்தி, இழுத்துக்கொண்டு போய்த் தோணியில் போட்டாராம். உடைந்த துவக்கு, படையின் துப்பாக்கி, எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பட்டினமே காலியாகிக்கொண்டிருந்தது. வேலைத்தலத்தை விட்டு ஓடிய கூலியாட்களைப் பிடிக்கிறார்கள் என்ற பயம் வேறு. ஆகவே காக்கா ஐயாவைக் குறிஞ்சாக்கேணியில் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். சட்டை எரிந்துபோனதால் பேர் தெரியாது, ஊர் தெரியாது. தொண்டை புகையால் அடைத்திருந்தது. வாய் திறந்து கதைக்க ஐயாவுக்கு நாலு வாரம் எடுத்தது.

அதற்குள் இங்கே, ஐந்தாம் நாள், கோப்ரல் கிளிவெட்டிக்கு வந்திருந்தார். “நெருப்புக்குள்ளை போனதை என்ரை கண்ணாலை கண்டனான். ஒண்டும் மிஞ்சேல்லை,” என்று அப்பப்பாவிடம் சொல்லி, அம்மாவுக்கு முன்னால் நின்று அழுதாராம். அவரை நம்பாமலிருக்க யாருக்கும் காரணமில்லை. தர்ப்பையால் ஐயாவைப்போல ஓர் உருவம் செய்து சுடலையில் எரித்தார்கள். அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். அதே கோப்ரல் முகாமில் அதிகாரிகள் கேட்டபோது, “அவன் துவக்கையும் கொண்டு ஓடிப்போயிட்டான்,” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஒரு கதை, முகாமுக்கு ஒரு கதை. தான் ஓடியது வெளியே வராமலிருக்க அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

இனி நான் எழுதப்போவதை வாசித்துவிட்டுக் கரீம் காக்காவை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. ஐயாவுக்கு வாய் திறந்ததும் ஊர்ப் பேரைச் சொன்னார். காக்கா அடுத்த நாளே தோணியிலும் நடையிலுமாகக் கிளிவெட்டிக்கு வந்தார். அவர் வந்த நாள் முப்பத்தோராம் நாள். ஆண்கள் எல்லாரும் கன்னியாவுக்குப் போயிருந்தார்கள். வளவில் பந்தல், பெரிய கிடாரத்தில் சோறு, உள்ளே பெண்கள் அழும் சத்தம். மரண வீட்டில் போய் யார் செத்தது என்று கேட்பது மரியாதையில்லை என்று காக்கா நினைத்தார். வயதான தகப்பன் ஒருவர் இருக்கிறார் என்று ஐயா சொல்லியிருந்தார். சுற்றிப் பார்த்தால் அந்த வயதில் ஒருவரும் இல்லை. ஆகவே தகப்பன்தான் போய்விட்டார் என்று தீர்மானித்துக்கொண்டார். ஒரு சாவு விழுந்த வீட்டில், உங்கள் பிள்ளை ஆள் அடையாளம் காண ஏலாதபடி வெந்து கிடக்கிறான் என்று இரண்டாவது துக்கத்தையும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. துக்கத்துக்கு வந்த வெளியூர்க்காரர் என்று நினைத்து அவருக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அவர் சாப்பிட்டது ஐயாவின் அந்தியேட்டிச் சோறு.

குறிஞ்சாக்கேணிக்குப் போய், “தம்பி, ஒங்கட வாப்பா மௌத்தாப் போயிட்டாரு,” என்று ஐயாவிடம் சொன்னார். ஐயா தகப்பனுக்காக அழுதார். கொள்ளி வைக்கக் கிடைக்கவில்லையே என்று, எரிந்தது போக மிச்சமிருந்த மயிரை மழித்துக்கொண்டார். காக்காவின் மனைவி அவருக்காக ஒரு மாதம் வீட்டில் மீன் சமைக்கவில்லையாம். இங்கே தகப்பன் மகனுக்குத் துக்கம் காத்தார், அங்கே மகன் தகப்பனுக்குத் துக்கம் காத்தார். இடையில் கிடந்தது ஒரு களப்புத் தண்ணியும் சில மைல் வயலும்தான்.

சாவு வீட்டுக்கு இன்னொரு துக்கம் அனுப்ப வேண்டாம் என்று காத்திருந்து, காயம் ஆறியதும், ஒரு நாள் ஐயா மொட்டைத் தலையோடு கிளிவெட்டிக்கு நடந்து வந்து படலையைத் திறந்தார். முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டு நின்றவர் அப்பப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து அலறினார்கள் என்று அம்மா சொல்லுவா. இதைச் சொல்லும்போது அம்மா சில வேளை சிரிப்பா. நாங்களும் சிரித்திருக்கிறோம். சிரிக்காமல் அதை எப்படிச் சுமப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஐயா கரீம் காக்காவையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். அங்கே பதிவுப் புத்தகத்தில் அவர் ஓடிப்போனவர். துவக்கு எங்கே என்று கேட்டார்கள். காக்கா நடந்ததைச் சொன்னார். நீயே வேலைத்தலத்தை விட்டு ஓடிய கூலி, உன் சாட்சியை யார் எடுப்பது என்று துரத்திவிட்டார்கள். கோப்ரல் அங்கேதான் நின்றார். ஐயாவைப் பார்க்கவில்லை. எரிந்த முதுகைப் பார்த்தும் அந்தத் துரைமார் நம்பவில்லையா என்று நான் காக்காவிடம் கேட்டிருக்கிறேன். பார்த்தார்கள், பார்த்துவிட்டு எழுதினார்கள் என்றார். பத்து நாள் அடைத்துவைத்து, ஒரு கடதாசியைக் கொடுத்து அனுப்பினார்கள். காவலை விட்டு ஓடியதால் விலக்கப்பட்டார் என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. அது இன்னும் ஐயாவின் றங்குப்பெட்டியில் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்தால் குருக்கள் காத்திருந்தார். கிரியை முடிந்த உயிர் திரும்பி வந்தால் மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்து, பேர் வைத்து, மனைவிக்குத் திரும்பவும் தாலி கட்ட வேண்டும் என்றார். அப்பப்பா சம்மதித்துவிட்டார். ஐயா மறுத்தார். “நான் செத்தனானோ, திரும்பப் பிறக்க? அங்கை ஓடினனான் எண்டு எழுதிப்போட்டினம். இங்கை செத்தனான் எண்டு எழுதிப்போட்டியள். நான் ரெண்டும் செய்யேல்லை.” சடங்கு செய்யாமல் குருக்கள் தாலி கட்ட வர மாட்டார். ஐயா ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி, சாமிப் படத்துக்கு முன்னால் தானே அம்மாவின் கழுத்தில் கட்டினார். ஊர் அதைத் தாலி என்று எடுக்கவில்லை. கலியாண வீடுகளில் குங்குமச் சிமிழ் அம்மாவைத் தாண்டிப் போய்விடும். அம்மா அந்தக் கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு குசினிப் பக்கம் எழும்பிப் போய்விடுவா.

அப்பப்பா கண்ணை மூடிய பிறகு, இந்தக் கதைகளுக்கு ஏலாமல், பாலையூற்றுக்குக் குடிவந்தோம். அந்தக் கடதாசியோடு துறைமுகத்தில் வேலை கிடைக்காது. ஐயா மரம் விற்கும் ஒரு வாடியில் காவலாளியாக இருந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். காய்ச்சலிலும் அவர் வாடிப் படலையை விட்டு அசைந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் பூட்டு வாங்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் என்னை யாரோ அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னதற்கு, அந்த மனிதர் எழும்பி, சாரத்தோடு பள்ளிக்கூடம்வரை ஓடி, அந்தக் கதவின் கொண்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. காரணம் தெரிந்த பிறகும் கொஞ்சக் காலம் வெட்கமாகத்தான் இருந்தது.

சுதந்திரம் கிடைத்த பிறகு ஒரு தலைமை ஆசிரியர், மன்னிப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதினால் அந்த வரியை எடுத்துவிடக்கூடும் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். ஐயா பேனையைக் கையில் எடுத்தார். “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். “நான் செய்த பிழையை மன்னிக்கவேணும் எண்டு,” என்றார் ஆசிரியர். ஐயா பேனையை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடியுங்கோ என்றார்.

இதைப் பெருமையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஐயாவில் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு சடங்கைச் செய்திருக்கலாம். ஒரு கையெழுத்தைப் போட்டிருக்கலாம். அவருடைய பிடிவாதத்துக்கு அம்மா தன் கழுத்தாலும் நாங்கள் எங்கள் தலைக்குனிவாலும் விலை கொடுத்தோம். அம்மா மட்டும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. “அந்த ஆள் அதிலை கையெழுத்து வைச்சிருந்தா, வெந்தது வீணாப் போயிருக்கும்,” என்பா.

என் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஒன்றே ஒன்று கேட்டார்கள். தாரை வார்க்கும்போது ஐயா நிற்காமல், மாமா நிற்கட்டும் என்றார்கள். அதை யார் ஐயாவிடம் சொல்வது என்று வீட்டில் எல்லாரும் விழித்துக்கொண்டு இருந்தோம். அவரே சொன்னார்: “மாமா செய்யட்டும் பிள்ளை. எனக்குச் சபை பழக்கமில்லை.” கலியாணத்தன்று ஐயா பந்தலுக்கு வெளியே, வீதியில், வந்தவர்களின் சைக்கிள்களுக்குக் காவல் நின்றார். மணவறையிலிருந்து பார்த்தால் அவருடைய சாய்ந்த தலை தெரிந்தது. ஐயாவைக் கூப்பிடுங்கோ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சபையில் மணமகள் வாய் திறப்பதில்லை என்பது வசதியாக இருந்தது. நானும் என் காவலை விட்டு அன்று ஓடினேன். எனக்கு அதை யாரும் எழுதித் தரவில்லை.

கரீம் காக்கா மௌத்தானபோது ஐயா குறிஞ்சாக்கேணிக்குப் போய், ஜனாஸா ஊர்வலத்தோடு அடக்கம் செய்யும் மையவாடி வாசல்வரை நடந்தார். திரும்பி வந்து, “இனி ஒருத்தரும் இல்லை,” என்றார். அன்றிலிருந்துதான் அவர் உடம்பு விழுந்தது என்று நினைக்கிறேன்.

போன வருஷம் அவர் படுக்கையான பிறகு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நான் அந்தக் கோப்ரலைத் தேடிப் போனேன். பட்டினத்தில் நல்ல வீடு, நல்ல மதிப்பு. நான் யார் என்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவன் ஓடேல்லை, பிள்ளை. நான்தான் ஓடினனான். தம்பலகாமம் போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் கையிலை திறப்பு இருக்கிறதைக் கண்டனான். உள்ளுக்கை இருந்த சனம் எல்லாம் செத்திருக்கும் எண்டு நினைச்சன்.”

“இதை ஒரு கடதாசியிலை எழுதித் தருவீங்களோ? ஐயா இருக்கிற காலத்துக்குள்ளை.”

“ஏலாது, பிள்ளை. எனக்கும் பேரப்பிள்ளையள் இருக்கினம்.”

“ஒருக்கா வந்து அவருக்கு முன்னாலையாவது சொல்லுங்கோவன்.”

அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். உள்ளே இருந்து தேத்தண்ணி வந்தது. நான் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

ஐயாவிடம் வந்து சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஒத்துக்கொண்டவனோ?”

“ஓம் ஐயா. வாயாலைதான்.”

“அவன் அப்ப சின்னப் பொடியன். பயந்திட்டான்.” பிறகு, “பேரை ஒரு இடமும் சொல்லிப்போடாதை,” என்றார். அதற்கு மேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தேழு வருஷம் காத்திருந்த வார்த்தை, அதுவும் என் வாயால், அதுவும் அவ்வளவுதான். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை.

சென்ற மாதம் ஐயா ஆஸ்பத்திரியில் காலமானார். கடைசி இரண்டு நாளும் தாதியிடம் கேட்டது ஒன்றுதான்: “படலை திறந்துதானே கிடக்கு?” திறந்துதான் கிடக்கு ஐயா என்று அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னது. கோப்ரல் செத்த வீட்டுக்கு வந்தார். மலர் மாலை ஒன்றை வைத்துவிட்டு, முன்வரிசையில் கதிரையில் இருந்தார். பேரைச் சொல்வதில்லை என்று ஐயாவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். இங்கும் காப்பாற்றுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசிவரை ஐயாவைத் தூக்கி இருத்திய ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், எங்களை அடுப்பு மூட்ட விடாமல் பார்த்துக்கொண்ட பாலையூற்று அயலவர்களுக்கும், கிளிவெட்டியிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. கரீம் காக்காவின் பிள்ளைகள் இன்றைய சமையலுக்கு அரிசி கொண்டுவந்து தந்தார்கள். முதல் அந்தியேட்டியில் தங்கள் வாப்பா சாப்பிட்ட சோறு தங்கள் வீட்டில் இன்னும் செமிக்கவில்லை என்றார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. பிரேதம் எடுக்கும் முன் நாலைந்து பெண்கள் அம்மாவிடம் வந்து, தாலியைக் கழற்ற வேணும், கழுத்தைக் குனியுங்கோ என்றார்கள். முப்பத்தெட்டு வருஷமாக அதைத் தாலி என்று எடுக்காதவர்கள். அம்மா குனியவில்லை.

“அதை நீங்கள்தானே அப்பவே கழட்டினனீங்கள்,” என்றா. “இது அந்த ஆள் கட்டின கயிறு. இது கிடக்கட்டும்.”

அவர்கள் போய்விட்டார்கள். இன்று சாப்பிட வருகிறவர்களிடம் எங்கள் குடும்பம் கேட்பது இவ்வளவே. அம்மா இன்று அந்தக் கயிற்றைச் சட்டைக்கு வெளியே விட்டுக்கொண்டு இருப்பா. எல்லாருக்கும் தெரியும்படி இருப்பா. தயவுசெய்து யாரும் அதைக் கழற்றச் சொல்ல வேண்டாம்.

குடும்பத்தினர் சார்பில்,
மகள்
பாலையூற்று, திருகோணமலை